புயலுக்குப் பெயர் சூட்டிய பிடிங்டன்



பெரியோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு இதழாசிரியர் என்னைக் கேட்டுக்கொண்டார். புலவர்களையும் நாட்டுத் தொண்டர்களையும் பற்றி எழுதத் தகுதியுடையோர் நம்மிடையே பலர் உளர். பௌதிகம் பயிலும் நான் எடுத்துக்கொண்டவரோ தமிழரும் அல்லர், கவிஞரும் அல்லர். அவர் ஆங்கிலேயர், கப்பலோட்டி, ஹென்றி பிடிங்டன் என்பது அவர் பெயர். உலகமெங்கும் சுழற்புயலைக் குறிக்க வழங்கும் 'சைக்ளோன்' என்னும் சொல்லை ஆக்கித் தந்தவர் அவரே. நம்மில் எவ்வளவு பேர் அவரை அறிவோம்?

அவர் வரலாற்றைத் தொடங்குமுன், அவரை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

என் ஊர் குமரி மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூர். 2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரிக்கடலைக் கலக்கியபோது எனக்குப் பதினைந்து வயது. முந்திய நாள் தாழ்வு மண்டலமாக இருந்தது ஒரே நாளில் புயலாக மாறிற்று. ஆழ்கடல் மீன்பிடிப்புக்குச் சென்ற விசைப்படகுகள் பல நாட்களுக்கு முன்னரே புறப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றில் என் தந்தையார் இருந்தார். கரையில் இருந்த நாங்கள் புயலைக் கண்டோம். கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. பல நாட்களுக்குப் பிறகு, மராட்டியக் கரையிலுள்ள தேவ்கட் துறைமுகத்தில் அவர்கள் படகு ஒதுங்கியதாகத் தெரியவந்தது. அவருடன் புறப்பட்ட மற்றொரு படகு திரும்பவேயில்லை. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான மீனவக் குடும்பங்கள் அந்தப் புயலில் தம் மக்களை இழந்தன.

வீடு திரும்பிய தந்தையார் மீண்டும் கடலுக்குச் செல்லவில்லை. அம்மா செல்லவிடவில்லை என்பதே பொருந்தும். 2018இல் உறவினர் ஒருவர் துணைகொண்டு நாங்கள் நெருளுக்குக் குடிவந்தோம். இங்கு அவர் ஒரு குடியிருப்பில் காவலராக இருக்கிறார். நானோ நெருளிலிருந்து குர்லாவுக்கு ரயிலேறி வந்து உங்களுடன் பயில்கிறேன். வகுப்பில் ஒரு நாள் 'சைக்ளோன்' என்ற சொல்லின் தோற்றத்தைப் பேராசிரியர் சொல்லிச் சென்றார். அன்று மாலையே நூலகத்தில் பிடிங்டனைத் தேடத் தொடங்கினேன்.

பிடிங்டன் 1797ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலுள்ள அக்பீல்டு என்னும் ஊரில் பிறந்தார். பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற விஞ்ஞானி அல்லர் அவர். வணிகக் கப்பல்களில் பணிபுரிந்து, இந்தியாவுக்கும் சீனத்துக்கும் சென்றுவரும் கப்பலொன்றின் தலைவராக உயர்ந்தார். பாய்மரக் கப்பல்களின் காலம் அது. கம்பியில்லாத் தந்தி இல்லை. வானிலை அறிக்கை இல்லை. கப்பல் தலைவனுக்குத் துணை பாரமானியும் காற்றுத் திசையும் தன் கண்ணுமே.

1830ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அவர் கடல் வாழ்க்கையை விட்டுக் கல்கத்தாவில் நிலைகொண்டிருந்தார். ஓய்ந்திருக்க அறியாத உள்ளம் அவருடையது. 1832இல் இந்தியத் தாவரங்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். பொருளாதார நிலவியல் அருங்காட்சியகத்தின் காப்பாளராகப் பணியாற்றினார். கடலில் நேரும் விபத்துகளை விசாரிக்கும் மன்றத்துக்குத் தலைவராகவும் அமர்ந்தார். கப்பல்கள் எவ்வாறு மூழ்கின, தலைவர்கள் எங்கே தவறினார்கள் என்பவற்றை நேரில் கேட்டறியும் பொறுப்பு அது.

அவர் வாழ்க்கையைத் திருப்பியது ஒரு நூல். 1838இல் வில்லியம் ரீடு என்ற ராணுவப் பொறியாளர் புயல்களின் விதியைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். அதற்கு முன்பே அமெரிக்காவில் ரெட்பீல்டு என்பவர், 1821ஆம் ஆண்டுப் புயலில் மரங்கள் ஓரிடத்தில் ஒரு பக்கமாகவும் மற்றோரிடத்தில் எதிர்ப்பக்கமாகவும் விழுந்து கிடந்ததைக் கண்டிருந்தார். புயற்காற்று நேராக வீசுவதன்று, சக்கரம் போலச் சுழல்வது என்று அதிலிருந்து அவர் முடிவு கட்டினார். ரீடு கப்பல்களின் குறிப்பேடுகளைக் கொண்டு அதனை மேலும் உறுதிப்படுத்தினார். இவ்விதி மேற்கிந்தியத் தீவுகளுக்குப் பொருந்துமாயின் வங்கக் கடலுக்கும் பொருந்துமா? இக்கேள்விக்கு விடைகாணப் பிடிங்டன் முனைந்தார்.

1839ஆம் ஆண்டு ஜூன் மாதம் வங்கக் கடலில் புயலொன்று அடித்தது. அப்புயலில் சிக்கிய கப்பல்களின் குறிப்பேடுகளையெல்லாம் அவர் கேட்டு வாங்கினார். எந்த நாழிகையில் காற்று எத்திசையிலிருந்து வீசியது, பாரமானி எவ்வளவு இறங்கியது என்பவற்றைக் கடற்படத்தில் ஒவ்வொன்றாகக் குறித்தார். குறிகள் சேர்ந்து வட்டமாயின. வட்டத்தின் நடுப்பகுதி நாளுக்கு நாள் நகர்ந்து சென்ற வழியும் தெளிந்தது. இதனைக் கல்கத்தாவின் ஆசியக் கழக இதழில் வெளியிட்டார். அன்று தொடங்கி இருபதுக்கும் மேற்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளை அவர் எழுதினார். அதே ஆண்டு நவம்பரில் ஆந்திரக் கரையின் கோரிங்காவை அழித்த புயலையும் ஆராய்ந்தார். புயலில் காற்றினும் கொடியது அது தள்ளிவரும் கடல் வெள்ளமே என்பது அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

1845ஆம் ஆண்டு பிப்ரவரியில் நிகழ்ந்த ஒன்றை இங்கே கூற வேண்டும். மோரீசுத் தீவுக்கு அருகே 'சார்லஸ் ஹெடில்' என்னும் கப்பல் புயலில் அகப்பட்டது. அதன் தலைவர் எல்லா மாலுமிகளும் செய்வதையே செய்தார். காற்றுக்கு முதுகு காட்டிக் கப்பலை ஓடவிட்டார். ஏறத்தாழ ஐந்து நாட்கள் கப்பல் விரைந்தோடியது. புயல் தணிந்த பின் கணக்கிட்டுப் பார்த்தால், புறப்பட்ட இடத்திலிருந்து நெடுந்தூரம் சென்றிருக்கவில்லை! செக்கைச் சுற்றும் மாடுபோல் அக்கப்பல் புயலின் நடுப்பகுதியைத் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. காற்று சுழல்கிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா? அக்கப்பலின் குறிப்பேட்டைப் பிடிங்டன் ஆராய்ந்து வெளியிட்டார்.

இத்தகைய காற்றுக்கு அன்று தக்க பெயர் இல்லை. வழங்கிவந்த பெயர்களெல்லாம் காற்றின் வலிமையைச் சுட்டினவேயன்றி அதன் சுழற்சியைச் சுட்டவில்லை. வட்டம் என்றும் பாம்பின் சுருள் என்றும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்ற பெயரை அவர் அமைத்தார். காற்று முழுவட்டமாகவே சுழல்கிறது என்று அறுதியிட்டுக் கூறாமல், சுழல்கிறது என்பதை மட்டும் காட்டும் சொல்லாக அது இருக்க வேண்டுமென அவர் கருதினார். ஆராய்ச்சியாளருக்கு வேண்டிய அடக்கம் அது.

எனினும் பெயர் சூட்டியதைவிடப் பெரிய தொண்டு ஒன்றை அவர் செய்தார். அதற்காகவே நான் அவரை வணங்குகிறேன். ரீடின் நூலை வாங்கிப் படித்து அறியக்கூடியவர் எத்தனை மாலுமிகள்? கப்பல் ஆடும்போது, மழை அறையும்போது, கணக்குப் போட்டுக்கொண்டிருக்க இயலுமா? இதனை எண்ணி, 1848இல் மாலுமிகளுக்கான கைந்நூல் ஒன்றை அவர் எழுதினார். சிறுவர்க்கு எழுத்தறிவிக்க ஏட்டின்மேல் கண்ணாடிபோல் மெல்லிய கொம்புத் தகடு பதித்த அரிச்சுவடி அக்காலத்து இங்கிலாந்தில் இருந்தது. அதன் பெயரையே தம் நூலுக்கு வைத்தார். நூலின் உறையில் ஒளி ஊடுருவும் கொம்புத் தகடுகள் இரண்டைச் செருகி வைத்தார். ஒன்று நிலநடுக்கோட்டுக்கு வடக்கே செல்லும் கப்பலுக்கு, மற்றொன்று தெற்கே செல்வதற்கு. ஒவ்வொன்றிலும் வட்டங்களும் காற்றின் திசைகளும் பொறிக்கப்பட்டிருந்தன. மாலுமி அத்தகட்டைக் கடற்படத்தின்மேல் வைத்து, தன் கப்பலில் வீசும் காற்றும் தகட்டிலுள்ள காற்றும் ஒன்றாகும்படி நகர்த்தினால் போதும். புயலின் நடுப்பகுதி எங்கே இருக்கிறதென்று கண்டுகொள்ளலாம்.

அவ்விதியை நம் காற்றுப் பெயர்களைக் கொண்டே சொல்லலாம். நம் பக்கத்துக் கடலில் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்கிறது. காற்று வரும் திசையை நோக்கி நின்றால் புயலின் நடு நம் வலக்கைப் புறத்தில் இருக்கும். வாடை வீசினால் நடு கிழக்கே உள்ளது. கொண்டல் வீசினால் தெற்கே உள்ளது. தென்காற்று வீசினால் மேற்கே உள்ளது. வாடை கொண்டலாகி, கொண்டல் தென்காற்றாகத் திரும்புமாயின், புயல் செல்லும் வழிக்கு வலப்பக்கத்தில் நாம் இருக்கிறோம். அதுவே கொடிய பாதி. அங்கே புயலின் சொந்த ஓட்டமும் காற்றின் வேகத்தோடு சேர்ந்துகொள்கிறது. அங்கே காற்றோடு ஓடுகிறவன் புயலின் பாதைக்கே ஓடுகிறான்.

பிடிங்டன் சொன்னதெல்லாம் சரியன்று என்பதையும் நேர்மையாகக் கூறிவிடுகிறேன். புயல் உண்டாவதற்கு மின்சாரமே காரணமென்று அவர் நம்பினார். கடல்நீரின் வெப்பமும், நீராவி மழையாகக் குளிரும்போது விடும் வெப்பமுமே புயலுக்கு உணவு என்றும், புவியின் சுழற்சியே அதனைச் சுழல வைக்கிறது என்றும் இன்று அறிவோம். காற்றும் செவ்வையான வட்டத்தில் சுழல்வதில்லை. உட்புறமாகச் சாய்ந்தே வீசுகிறது. ஆகவே நடுப்பகுதி வலக்கைக்குச் சற்றுப் பின்னே இருக்கும். காரணத்தைத் தவறாக அறிந்தவர் கப்பல்களுக்குச் சரியான வழியைக் காட்டினார் என்பது வியப்பே. நூற்றுக்கணக்கான குறிப்பேடுகளைப் பொறுமையுடன் ஒப்பிட்ட உழைப்பின் பயன் அது.

அவர் வாழ்வின் இறுதிப் பகுதி துயரம் தருவது. ஹூக்ளி ஆறு மண்ணால் தூர்ந்துவருவதாகக் கல்கத்தா வணிகர்கள் அஞ்சினர். சுந்தரவனப் பகுதியில் மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் அமைக்கத் திட்டமிட்டனர். 1853இல் பிடிங்டன், கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதினார். அவ்விடத்தில் நகரம் எழுப்பினால், என்றேனும் ஒருநாள் புயல் கடலையே அதன்மேல் தள்ளிவிடும் என்பது அவர் எச்சரிக்கையின் சாரம். அக்கடிதம் அச்சிலும் வந்தது. ஆனால் திட்டம் நிற்கவில்லை. நகரம் எழுந்தது, அடுத்து வந்த கவர்னர் ஜெனரலின் பெயரால் கானிங் துறைமுகம் எனப்பட்டது.

1858இல் பிடிங்டன் கல்கத்தாவில் காலமானார். 1864 அக்டோபர் 5ஆம் நாள் பெரும்புயலொன்று கல்கத்தாவைத் தாக்கிற்று. அதனுடன் வந்த கடல் வெள்ளத்தில் மாண்டோர் அறுபதினாயிரம் அளவினர். 1867 நவம்பரில் மற்றொரு புயல் கானிங் துறைமுகத்தின்மேல் வந்தது. கடல் நகருக்குள் புகுந்தது. சில ஆண்டுகளில் துறைமுகம் கைவிடப்பட்டது. அவர் சொன்னபடியே நிகழ்ந்தது. ஆயின் அதைக் காண அவர் உயிருடன் இல்லை. 1864இன் பேரழிவுக்குப் பின்னரே கல்கத்தாத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை தொடங்கப்பட்டது. 1875இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பெற்றது.

பிடிங்டனின் வேலை முடிந்துவிட்டதா? இல்லை, அவர் தொடங்கிய பள்ளி இன்று நாடுகளைக் கடந்து விரிந்திருக்கிறது. 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில், இன்றைய வங்கதேசத்தில், மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் புயல் விழுங்கிற்று. அதன் பிறகு 1972இல் வங்கக் கடலையும் அரபிக் கடலையும் சார்ந்த நாடுகள் உலக வானிலை அமைப்பின் துணையுடன் குழுவொன்று அமைத்தன. 1988இல் புது தில்லி நிலையம் இவ்வட்டாரத்தின் புயல் மையமாக அறிவிக்கப்பட்டது. அண்டை நாடுகளின் வானிலையாளர்கள் அங்கே வந்து பயிற்சி பெறுகிறார்கள். புனேயிலும் உலக வானிலை அமைப்பின் ஏற்புடைய பயிற்சி நிலையம் ஒன்று உண்டு. அவர்கள் கற்பதும் ஒருவகையில் கொம்புத் தகட்டின் பாடமே. செயற்கைக்கோள் படத்தில் மேகச் சுருளின் வடிவைக் கண்டு, நடுப்பகுதியையும் வலிமையையும் கணிக்கிறார்கள். அது செல்லக்கூடிய வழியை வரைகிறார்கள். கணிப்பு தவறக்கூடிய எல்லையையும் சேர்த்தே வரைகிறார்கள். தாய்லாந்தில் கற்றவரும் ஓமானில் கற்றவரும் ஒரே முறையில் கணித்தால்தான், நாட்டெல்லை அறியாத புயலைப் பற்றி ஒரே சொல்லில் எச்சரிக்க முடியும்.

இதனால் விளைந்த பயனை ஒடிசாவில் காணலாம். 1999ஆம் ஆண்டுப் பெரும்புயலில் அங்கே மாண்டோர் ஏறத்தாழ பதினாயிரம் பேர். 2013இல் வந்த பைலின் புயலிலோ ஐம்பதுக்கும் குறைவு. இடைப்பட்ட ஆண்டுகளில் கணிப்பு திருந்தியது. கரையில் புகலிடங்கள் எழுந்தன. மக்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தப் பழகினார்கள். அவ்வளவும் கரைக்கு. நடுக்கடலில் இருப்பவன் நிலையை 2017இல் கண்டோம்.

இவ்வரலாற்றைப் படித்து முடித்த ஞாயிறன்று நெருள் வீட்டில் நான் ஒரு சிறு வேலை செய்தேன். பழைய பிளாஸ்டிக் தாள் ஒன்றில் வட்டங்களையும் காற்றுத் திசைகளையும் வரைந்தேன். அரபிக் கடலின் படத்தைத் தரையில் விரித்து அதன்மேல் அத்தாளை வைத்தேன். இரவுப் பணி முடிந்து வந்த தந்தையாரிடம் வலக்கை விதியைச் சொன்னேன். அவர் படத்தின் அருகே உட்கார்ந்தார். ஒக்கிப் புயலைப் பற்றி வீட்டில் என்றும் பேசாதவர் அன்று தாளைத் தம் கையால் நகர்த்தத் தொடங்கினார். முதலில் வாடை, தாளை ஓரிடத்தில் வைத்தார். நடு இரவில் கொண்டல், நகர்த்தினார். மறுநாள் தென்காற்று, மீண்டும் நகர்த்தினார். அவர்கள் படகு புயலின் வலப்பாதியில் இருந்ததும், பின்னர்த் தென்காற்றே அவர்களை வடக்கே தேவ்கட் பக்கம் தள்ளிக்கொண்டு போனதும் படத்தில் தெரிந்தன.

பிறகு அவர் விரல் முதலில் வைத்த இடத்துக்கே திரும்பியது. வாடை மிகுந்தபோது இவர்கள் படகின் எஞ்சின் இயங்கிக்கொண்டிருந்தது. காற்றுக்கு முகம் கொடுத்து நின்றார்கள். மற்றப் படகு காற்றுக்கு முதுகு காட்டித் தென்மேற்காக ஓடியது. ஓடினால் தப்பலாம் என்றே அவர்கள் ஓடினார்கள். இவர்களும் ஓட எண்ணியதுண்டாம். இருட்டில் திருப்ப அஞ்சி நின்றுவிட்டார்களாம். வாடை வீசும்போது தென்மேற்கே ஓடுவது எங்கே கொண்டு சேர்க்கும் என்பதைத் தாளிலிருந்த வட்டம் காட்டிற்று. தந்தையார் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டுகள் கடலில் இருந்தும் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லையே என்று மட்டும் கூறிவிட்டு எழுந்து போனார்.

1848இல் கொம்புத் தகட்டில் பொறித்த பாடம், 2017இல் என் ஊர்ப் படகுக்கு வந்து சேரவில்லை! புயலில் அகப்பட்டவனை ஒரு பிளாஸ்டிக் தாள் காப்பாற்றிவிடும் என்று நான் கூறவில்லை. எச்சரிக்கை கிடைத்தவுடன் கரை சேர்வதே காப்பு. ஆனால் எச்சரிக்கை எதைச் சொல்கிறது, ஏன் சொல்கிறது என்று புரிந்தவனே அதனை நம்பி மீன்பாட்டை விட்டுத் திரும்புவான். கணிப்பவருக்குப் பயிற்சி வேண்டும். அதனைக் கேட்பவருக்கும் பயிற்சி வேண்டும். பிடிங்டன் இரண்டையும் ஒருவராகவே செய்தார்.

இவ்வாண்டு என் பட்டமேற்படிப்பு முடிகிறது. கணிப்பொறி நிறுவனத்தில் வேலை தேடிக்கொள்ள வேண்டும், கடற்பேச்சே வேண்டாம் என்பது அம்மாவின் விருப்பம். அவ்விருப்பத்தின் காரணத்தை நான் அறிவேன். அதைக் குறைகூற எனக்கு வாயில்லை. ஆயினும் வானிலையியல் பயிற்சிக்கே விண்ணப்பம் எழுதத் துணிந்துவிட்டேன். தந்தையார் மறுக்கவில்லை. அம்மாவிடம் அவரே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பிளாஸ்டிக் தாளை அவர் மடிக்காமல் தம் பெட்டியில் வைத்திருக்கிறார். ஊருக்குப் போகும்போது எடுத்துச் செல்வாராம்.

தோழர்களே! நாம் பயிலும் துறை எதுவாயினும், அதில் ஒரு பாடமேனும் நம் ஊரில் ஒருவருக்குத் தேவைப்படும். அதனை அவர் மொழியில், அவர் கைக்கு அடங்கும் அளவில் கொண்டு சேர்ப்போமாக. புயலுக்குப் பெயர் சூட்டிய மாலுமிக்கு நாம் செலுத்தக்கூடிய வணக்கம் அதுவே.